டாஸுக்கு முன்னே தட்டுவடை, இடைவேளையில் பக்கோடா

ஐபிஎல் ராத்திரி மேட்ச் 7.30க்கு, டாஸ் 7 மணிக்கு. டாஸ் போட்ட பிறகு வடச்சட்டியை அடுப்பில் ஏற்றும் வீட்டில் யாரோ ஒருத்தருக்கு அன்றைக்கு மேட்ச் கிடையாது. கூடத்தில் சத்தம் கேட்டுக் கரண்டியோடு ஓடி வந்து, "யாரு அவுட்டு?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவதற்குள் சட்டியில் இருப்பது கருகியிருக்கும். பெரும்பாலும் அப்படி ஓடுவது அம்மாவாகவோ அத்தையாகவோதான் இருக்கும். பலகாரம் சுடுகிறவரும் இருபது ஓவரையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தக் குறிப்பில் உள்ள நேரக் கணக்கு எல்லாமே அதற்காகப் போட்டதுதான்.

ஆக, நாள்பட இருக்கும் தீனியை முன்கூட்டியே சுட்டு டப்பாவில் போட்டுவிட வேண்டும். சுடச்சுடத் தின்றால்தான் ருசி என்கிற ஒரே ஒரு பலகாரத்தை மட்டும் இன்னிங்ஸ் இடைவேளைக்கு வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மேட்ச் என்றால் வியாழக்கிழமை தட்டுவடை, வெள்ளிக்கிழமை மசாலா கடலை, சனிக்கிழமை காலையில் சிப்ஸ், இடைவேளையில் பக்கோடா. அளவெல்லாம் ஆறு பேருக்கு.

எண்ணெயும் சூடும்

கொங்குப் பக்கம் பலகாரத்துக்குக் கடலை எண்ணெய், நேந்திரங்காய் சிப்ஸுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்க்கு மணம் உண்டு. ஆனால் அதில் கசடும் துளி ஈரமும் இருப்பதால் சூடேறும்போது நுரை கட்டும். ரீஃபைண்டு எண்ணெயைவிடச் சீக்கிரம் புகையவும் செய்யும். ஆட்டி வாங்கி வந்த எண்ணெயை ஒரு வாரம் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் பொரிக்க எடுங்கள். சிறு தீயில் சூடாக்கி, நுரை அடங்கிய பிறகுதான் முதல் ஈடு போட வேண்டும். ஈரமில்லாத புளியைச் சுண்டைக்காய் அளவு போட்டு எடுத்துவிட்டால் நுரை குறையும் என்பது பழைய கைப்பழக்கம்.

பத்து அங்குல வடச்சட்டிக்கு முக்கால் லிட்டர் எண்ணெய் போதும். எண்ணெய் ஒருபோதும் சட்டியில் பாதிக்கு மேல் ஏறக் கூடாது. வெங்காயமோ உப்புத்தண்ணீரோ விழுந்தால் எண்ணெய் மேலே பொங்கும். அதற்கு இடம் வேண்டும்.

சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மிளகு அளவு மாவைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் உட்கார்ந்து மெல்ல மேலே வந்தால் இன்னும் சூடு போதாது, 150 டிகிரிக்குப் பக்கம்தான் இருக்கும். இரண்டு எண்ணுவதற்குள் சலசலவென்று மேலே வந்தால் 170, 175. அதுதான் நமக்கு வேண்டிய சூடு. போட்டதும் மேலேயே நின்று உடனே சிவந்தால் 190ஐத் தாண்டிவிட்டது. அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். பச்சை எண்ணெயை ஊற்றியும் ஆற்றலாம், ஆனால் சட்டி நிறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான தவறுகள் சூட்டில்தான் நடக்கின்றன. ஒரு ஈட்டுக்கு அதிகமாக அள்ளிப் போட்டால் எண்ணெய் சட்டென்று ஆறிவிடும். பலகாரத்துக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வந்துகொண்டிருக்கும் வரை எண்ணெய் அவ்வளவாக உள்ளே போகாது. சூடு இறங்கிவிட்டால் ஆவி தளர்ந்து, பலகாரம் எண்ணெயைக் குடிக்க ஆரம்பிக்கும். "எண்ணெய் குடிச்சிருச்சு" என்று மாவைக் குறை சொல்வதற்கு முன்னால் எத்தனை போட்டோம் என்று எண்ணிப் பாருங்கள்.

தட்டுவடை

மற்ற ஊர்களில் தட்டை என்பதைத்தான் நம் பக்கம் தட்டுவடை என்கிறோம். சேலத்துக்காரர்கள் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்த்துருவலும் வைத்து, அதில் செட் போட்டுத் தெருவெல்லாம் மணக்க வைத்தார்கள். வாயில் போட்டு நொறுக்கவும் செட் போடவும் ஒரே மாவு போதும், அளவு மட்டும்தான் மாறும்.

மாவுப் பச்சரிசி அரை கிலோ. இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்துங்கள். கையில் எடுத்துப் பிடித்தால் ஒட்டக் கூடாது, ஆனால் ஈரம் தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் மில்லில் கொடுத்து அரைத்து, சலித்து, வடச்சட்டியில் சிறு தீயில் வறுங்கள். மாவைக் கிள்ளிக் கோலம் போட்டால் இழை அறுந்து போகாமல் விழும் பதம் வந்ததும் இறக்கிவிடலாம். கடையில் வாங்கிய இடியாப்ப மாவு இருந்தாலும் ஆகும், அதை வறுக்க வேண்டியதில்லை.

இதோடு பொட்டுக்கடலை மாவு 60 கிராம், வறுத்து அரைத்துச் சலித்த உளுத்தமாவு 50 கிராம், வெண்ணெய் 50 கிராம், உப்பு 2 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், எள் ஒரு டேபிள்ஸ்பூன், பெருங்காயத்தூள் அரை டீஸ்பூன், ஒரு மணி நேரம் ஊறிய கடலைப்பருப்பு 40 கிராம், நறுக்கிய கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் அதையே போடுங்கள். மணத்தில் வித்தியாசம் தெரியும். நான்கு பல் பூண்டைத் தட்டிப் போட்டால் நன்றாக இருக்கும், ஆனால் அப்படிச் செய்ததை நான்கைந்து நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

முதலில் வெண்ணெயை மாவில் விரல் நுனியால் நன்றாகத் தேய்த்துக் கலக்க வேண்டும். ஒரு பிடி மாவை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும். விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். நிற்கவே இல்லை என்றால் இன்னும் ஒரு டீஸ்பூன் வெண்ணெய் சேருங்கள். தட்டினாலும் உதிராமல் அப்படியே பிசுபிசுவென்று நின்றால் வெண்ணெய் அதிகம். அப்படியே சுட்டால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்துபோகும். இரண்டு பிடி அரிசிமாவு சேர்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

தண்ணீர் ஏறக்குறைய 300 மில்லி பிடிக்கும். எல்லா மாவையும் ஒரே நேரத்தில் பிசையாதீர்கள். மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கு முடிந்த பிறகு அடுத்ததைப் பிசையுங்கள். பிசைந்த மாவு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் பலகாரம் சிவந்து, எண்ணெயும் அதிகம் குடிக்கும். சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர்ப் பக்கம் மாவு பத்து நிமிடத்தில் மேலே வறண்டு, தட்டும்போது ஓரம் வெடிக்கும். ஈரத்துணியைப் பிழிந்து மூடி வையுங்கள்.

செட்டுக்கு என்றால் கோலிகுண்டைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை, 7 கிராம். எண்ணெய் தடவிய இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, தட்டையான அடி கொண்ட டம்ளரால் ஒரே அழுத்து. ஆறு சென்டிமீட்டர் அகலம், இரண்டு மில்லிமீட்டர் கனம் வரும். வாழை இலையிலும் தட்டலாம். நடுவில் கனமும் ஓரத்தில் மெலிவும் இருந்தால் ஓரம் கருகும்போது நடு வேகாமல் கிடக்கும், அதனால் டம்ளரைச் சாய்க்காமல் நேராக அழுத்துங்கள். முள்கரண்டியால் நான்கைந்து இடத்தில் குத்திவிட்டு, பருத்தித் துணியில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். மேல் ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும்.

பத்து, பன்னிரண்டு தட்டுவடையை ஒவ்வொன்றாகச் சட்டி ஓரமாக நழுவவிடுங்கள். முதல் அரை நிமிடம் கரண்டியால் தொடாதீர்கள். அப்போது அது இன்னும் மாவுதான், தொட்டால் உடையும். பிறகு திருப்பிவிட்டு மிதமான தீயிலேயே வையுங்கள். ஆரம்பத்தில் பெரிய பெரிய குமிழாகப் பொங்கிச் சத்தம் போடும். இரண்டரை நிமிடம் தாண்டும்போது குமிழ் சின்னதாகி, சத்தம் தேய்ந்து, எண்ணெய் கிட்டத்தட்ட அமைதியாகும். நிறத்தை நம்பாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டு எடுங்கள். மிளகாய்த்தூள் கலந்த மாவு வேகும் முன்பே சிவப்பாகத்தான் தெரியும். ஜல்லிக்கரண்டியில் அள்ளிக் குலுக்கினால் ஓடு உரசுவதுபோல் கலகலக்க வேண்டும்.

அரை கிலோ அரிசிமாவில் 120 முதல் 140 வரை வரும். அறுபதைச் செட்டுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கொறிக்க வைத்துக்கொள்ளலாம்.

பலகாரம் கல்லு மாதிரி இருக்கிறதென்றால் வெண்ணெய் குறைவு, அல்லது மாவைச் சப்பாத்திக்குப் போல அழுத்திப் பிசைந்திருப்பீர்கள். மேலே மொறுமொறுப்பாகவும் மறுநாளே உள்ளே சவசவ என்றும் ஆனால் தீ அதிகம், ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. எண்ணெயில் வெடித்துத் தெறித்தால் சலிக்காத மாவில் இருந்த குருணை, அல்லது துளை போடாதது. வெளித்தோல் முதலில் இறுகி, உள்ளே மாட்டிக்கொண்ட ஆவி வழி கிடைக்காமல் கிழித்துக்கொண்டு வரும். சீடை வெடிப்பதும் இதே காரணத்தால்தான். இதில் அலட்சியம் வேண்டாம். கண்ணுக்கு நேராகத் தெறிக்கிற சங்கதி.

முழுசாக ஆறிய பிறகே எவர்சில்வர் போசியிலோ தூக்குப்போசியிலோ போட்டு இறுக மூடுங்கள். சூடாக மூடினால் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணீரே பலகாரத்தை நமுக்கவைக்கும். ஐபிஎல் நடக்கும் ஏப்ரல், மே மாதத்தில் பெரிய தொந்தரவு இல்லை. ஆனி, ஆடியில் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) நடக்கும்போது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் அரை மணி நேரம் திறந்து வைத்தாலே நமுத்துவிடும். நமுத்ததைத் தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் ஐந்து நிமிடம் போட்டு, ஆறவைத்தால் மறுபடி மொறுமொறுப்பாகும்.

மசாலா கடலை

தோல் நீக்காத பச்சை நிலக்கடலை 250 கிராம். கடலைமாவு 75, அரிசிமாவு 25 கிராம். மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், பெருங்காயம், தட்டிய பூண்டு ஆறு பல்.

கடலையை ஒருமுறை கழுவி வடித்து, அந்த ஈரத்தோடு மாவைத் தூவிப் புரட்டுங்கள். பிறகு தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துச் சேர்க்க வேண்டும். மொத்தமே மூன்று டேபிள்ஸ்பூனுக்கு மேல் போகாது. ஒவ்வொரு கடலையும் தனித்தனியாக மாவுச் சட்டை போட்டுக்கொண்ட மாதிரி இருக்க வேண்டும். கொழகொழவென்று ஆகிவிட்டால் எண்ணெயில் எல்லாம் ஒரே கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு பிடி அரிசிமாவு தூவி உதிர்த்துவிடுங்கள்.

கடலைக்குச் சூடு 160, 165 போதும். விரலால் உதிர்த்து உதிர்த்துப் போட்டு, ஐந்தாறு நிமிடம். இதில் எல்லோரும் செய்யும் பிழை, நன்றாகச் சிவந்த பிறகு எடுப்பது. கடலைக்குள்ளேயே எண்ணெய் இருப்பதால் வெளியே எடுத்த பிறகும் அந்தச் சூட்டில் உள்ளே வறுபட்டுக்கொண்டே இருக்கும். இன்னும் ஒரு நிமிடம் வேகலாம் என்று தோன்றும்போதே எடுத்துவிடுங்கள். ஒன்றைப் பிளந்து பாருங்கள்: வெளிர் மஞ்சள் சரி, பழுப்பு என்றால் ஆறியதும் கசக்கும். கடைசியில் கறிவேப்பிலையைப் பொரித்து மேலே நொறுக்கிப் போடுங்கள்.

சிப்ஸ்

கோவையில் பெரிய வடச்சட்டியின் மேலேயே நேந்திரங்காயைச் சீவித் தள்ளும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். வீட்டிலும் அதே முறைதான். முற்றிய, மஞ்சள் தட்டாத காய் மூன்று. கையில் எண்ணெய் தடவித் தோலைச் சீவி, மஞ்சள்தூள் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்துத் துடையுங்கள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரைக் களங்களும் எண்ணெய் மில்களும் வரிசையாக இருக்கின்றன. புதுத் தேங்காய் எண்ணெய் அரை லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய எண்ணெயின் சிக்கு வாடை சிப்ஸில் அப்படியே ஏறும்.

சீவல் ஒன்றரை மில்லிமீட்டர் கனம். பழக்கம் இல்லாதவர்கள் எண்ணெய்க்கு மேலே சீவ வேண்டாம், தட்டில் சீவி உடனே உதிர்த்துப் போடுங்கள். இரண்டு நிமிடம் கழித்துப் பாதி வெந்ததும், ஒரு டீஸ்பூன் உப்பு கரைத்த மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் இருந்து ஒரே ஒரு டீஸ்பூன் எடுத்து எண்ணெயில் ஊற்றிவிட்டு ஓரடி பின்னால் நகருங்கள். சட்டி இரைந்து நுரைக்கும். தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு சிப்ஸில் சீராக ஒட்டும். பொரித்த பிறகு தூவும் உப்பு டப்பாவின் அடியில்தான் போய்ச் சேரும். இதைப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது செய்யவே வேண்டாம். பயமாக இருந்தால் பொடி உப்பைச் சூட்டோடு தூவிக் குலுக்குங்கள்.

நாமக்கல், சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) எளிதில் கிடைக்கும். பழுப்புத் தோலோடு அதற்குள் இருக்கும் தடித்த உள்தோலையும் உரித்துவிட வேண்டும். வாங்கிய மறுநாளுக்குள் செய்துவிடுங்கள். வெட்டினால் உள்ளே நீலமோ கறுப்போ கோடு ஓடியிருந்தால் தூக்கிப் போடுங்கள். கசக்கும் கிழங்கைத் தின்னவே கூடாது. சீவியதைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, துணியில் ஈரம் போகத் துடைத்துப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது.

மேட்ச் அன்று சாயங்காலம்

ஐந்து மணிக்குச் சட்னி. செட்டுக்கு இரண்டு வேண்டும். சிவப்புக்கு 12 வரமிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, 10 பல் பூண்டு, சின்னத் துண்டு புளி, உப்பு சேர்த்து நைசாக அரையுங்கள். காரம் ஆகாதவர்களுக்குப் பாதி காஷ்மீரி மிளகாய் போட்டால் நிறம் இருக்கும், எரிச்சல் இருக்காது. பச்சைக்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி, அரைக் கட்டுப் புதினா, பச்சை மிளகாய் மூன்று, அரை அங்குல இஞ்சி, பாதி எலுமிச்சைச் சாறு, உப்பு, இரண்டு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை. பொட்டுக்கடலைதான் சட்னியைத் தண்ணீர் விடாமல் பிடித்து வைக்கும். ஸ்பூனைக் கவிழ்த்தால் சட்னி உடனே விழக் கூடாது, அந்தக் கெட்டி வேண்டும்.

ஆறரைக்கு ஒரு பீட்ரூட், இரண்டு கேரட் துருவி, சிட்டிகை உப்புப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து நன்றாகப் பிழியுங்கள். பிழியாமல் போட்டால் தட்டுவடை அந்தச் சாற்றில் ஊறித் தொங்கிவிடும். இரண்டு பெரிய வெங்காயம் பொடியாக. மாங்காய் காலத்தில் கிளிமூக்கு மாங்காய் ஒன்றைத் துருவி வைத்துக்கொண்டால் செட்டே வேறு தரத்துக்குப் போகும்.

டாஸ் முடிந்ததும் கடலையும் சிப்ஸும் வட்டலில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் பெருங்காயம் போட்ட நீர்மோர் ஒரு சொம்பு.

செட்டுக்கு நேரம் ஸ்ட்ராட்டஜிக் டைம் அவுட், அதாவது அணிகள் கலந்து பேச ஆட்டத்தை நிறுத்தும் சிறு இடைவெளி. ஐபிஎல்லில் ஒரு இன்னிங்ஸுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். பந்து வீசும் அணி 6க்கும் 9க்கும் நடுவிலான ஓவர்களில் எடுக்கும், மட்டை பிடிக்கும் அணி 13க்கும் 16க்கும் நடுவில். ஐந்தாவது ஓவர் முடியும்போதே 12 தட்டுவடையை ஒரு தட்டில் பரப்பி வைத்துவிட்டால், டைம் அவுட் ஆரம்பித்ததும் ஒருத்தர் பச்சைச் சட்னி, ஒருத்தர் துருவலும் வெங்காயமும், ஒருத்தர் சிவப்புச் சட்னி தடவிய மேல் தட்டுவடை என்று கை மாற்றி மாற்றி முடித்துவிடலாம். ஆளுக்கு இரண்டு வரும். செட் போட்ட மூன்று நான்கு நிமிடத்தில் ஊற ஆரம்பித்துவிடும், அதனால் மொத்தத்தையும் முதலிலேயே போட்டு அடுக்கி வைக்காதீர்கள். இரண்டாவது டைம் அவுட்டில் இன்னொரு 12. உடைந்துபோன தட்டுவடை சேர்ந்திருக்கும். அதை நொறுக்கி இரண்டு சட்னியும் வெங்காயமும் போட்டுப் பிசறினால் சேலத்து நொறுக்கல்.

இடைவேளைப் பக்கோடா

டி20யில் இன்னிங்ஸ் இடைவேளை 20 நிமிடம். அதற்குள் எண்ணெய் காய ஆறு நிமிடம், நான்கு நிமிடம் வீதம் மூன்று ஈடு, மொத்தம் 18. இந்தக் கணக்கு பிசகாமல் இருக்க வேண்டுமென்றால் வெங்காயம் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

பெரிய வெங்காயம் அரை கிலோ. பல்லடம், உடுமலைப் பக்கத்துச் சின்ன வெங்காயம் கிடைத்தால் அதுதான் மேல். நீர் குறைவு, இனிப்பு அதிகம், பக்கோடா நெடுநேரம் மொறுமொறுப்பாக நிற்கும். உரிக்கத்தான் நேரமாகும், முந்தின நாளே எல்லோரும் உட்கார்ந்து உரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பெரிய வெங்காயம் என்றால் நீளவாக்கில், காகிதம்போல் இல்லாமல் தீக்குச்சியைவிடக் கொஞ்சம் கனமாக நறுக்க வேண்டும். மிக மெலிசானால் கருகி நாராகிவிடும்.

17வது ஓவரில் நறுக்கிய வெங்காயத்தில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சோம்பு, நறுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய் நான்கு, கறிவேப்பிலை போட்டுப் பிசறுங்கள். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தபடியே செய்யலாம். விரலால் அழுத்தி இதழ் இதழாகப் பிரித்துவிடுங்கள். முதலில் கையில் சரசரவென்று இருக்கும். இரண்டு மூன்று ஓவர் போவதற்குள் தளர்ந்து, பாத்திரத்தின் அடியில் தண்ணீர் ஊறி நிற்கும். மாவுக்கு அந்தத் தண்ணீரே போதும்.

கடைசிப் பந்து விழுந்ததும் அடுப்பைப் பற்றவையுங்கள், அதற்கு முன் வேண்டாம். எண்ணெய் காய்வதற்குள் கடலைமாவு 150 கிராம், அரிசிமாவு 50 கிராம், மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன் சேர்த்து, காய்ந்த எண்ணெயில் ஒரு டேபிள்ஸ்பூன் ஊற்றிக் கலக்குங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். வெங்காயம் தெரிய வேண்டும், மாவு அதன் மேல் ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். மிகவும் உதிர்ந்தால் கையை நனைத்துத் தெளிப்பது போதும். மாவு கலந்ததை வைத்துக்கொண்டே இருந்தால் வெங்காயம் இன்னும் தண்ணீர் விட்டு, மூன்றாவது ஈடு வடை மாதிரி மெத்தென்று ஆகிவிடும். முதல் ஈட்டுக்கு வேண்டியதை மட்டும் முதலில் கலந்து, மீதி வெங்காயத்துக்கு அது வேகும்போது மாவு சேருங்கள்.

175 டிகிரியில் கிள்ளிக் கிள்ளி, உருட்டாமல் போடுங்கள். உருண்டையாகப் பிடித்தால் நடுவில் பச்சை மாவு இருக்கும். ஒரு நிமிடம் கழித்துத் திருப்பி, கடைசி அரை நிமிடம் தீயைக் கூட்டி எடுத்தால் உள்ளே இழுத்த எண்ணெய் கொஞ்சம் வெளியே வரும். காகிதத்தின் மேல் குவிக்காமல் கம்பிவலைத் தட்டிலோ சல்லடையிலோ பரப்புங்கள். குவித்தால் அடியில் இருப்பது ஆவியில் வெந்து சொதசொதக்கும்.

நடுவில் மூன்றாம் அம்பயர் ரீப்ளே ஏதாவது வந்து யாராவது கூப்பிட்டால் அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். பிள்ளைகள் சமையல்கட்டுக்குள் ஓடி வரும் நேரம் இது. சட்டியின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. எண்ணெய் தீப்பிடித்தால் அணைத்து, சட்டியை மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, நகர்த்தவும் கூடாது.

ஒருநாள் ஆட்டம் என்றால் கதை வேறு. பகலிரவு ஆட்டம் மதியம் 1.30க்கு ஆரம்பித்தால் இடைவேளை ஐந்து மணிவாக்கில், அதுவும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். வாழைக்காய் பஜ்ஜிக்கே நேரம் இருக்கிறது. மொந்தன் காயை மூன்று மில்லிமீட்டர் கனத்தில் நீளமாகச் சீவி, 200 கிராம் கடலைமாவும் 40 கிராம் அரிசிமாவும் சிட்டிகை சோடாவும் சேர்த்த தோசைமாவுப் பதத்தில் முக்கிப் போடுங்கள். சோடா ஒரு சிட்டிகையைத் தாண்டினால் பஜ்ஜி எண்ணெயைப் பஞ்சுபோல உறிஞ்சும்.

ஆட்டம் சமனாகிச் சூப்பர் ஓவருக்குப் போய், வட்டலெல்லாம் காலியாக இருந்தால் எண்ணெய்ச் சட்டியை மறுபடி ஏற்ற வேண்டாம். ஒரு கரண்டி எண்ணெயில் தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள், மிளகாய்த்தூள் தாளித்து, அடுப்பை அணைத்துவிட்டு நான்கு பிடி பொரியும் ஒரு பிடி பொட்டுக்கடலையும் போட்டுப் புரட்டினால் காரப்பொரி. மூன்று நிமிட வேலை.

மிஞ்சிய எண்ணெய்

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் பொரித்த எண்ணெய்க்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: எண்ணெய் சிதைவதால் உண்டாகும் போலார் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. வீட்டில் அதை அளக்க வழியில்லை, ஆனால் கண்ணும் மூக்கும் சொல்லிவிடும். கறுத்து, கெட்டியாகி, சூடேறும்போது விடாமல் நுரைத்து, முன்பைவிடச் சீக்கிரம் புகைந்தால் அந்த எண்ணெய் முடிந்துவிட்டது.

அதனால் வரிசையும் முக்கியம். எண்ணெயைக் கெடுப்பது தங்கிப்போய்க் கருகும் மாவுத்தூள்தான். தட்டுவடை சுட்ட எண்ணெயை அன்றே ஆறவைத்துத் துணியில் வடிகட்டினால் மறுநாள் கடலைக்கு ஆகும். சனிக்கிழமைப் பக்கோடாவுக்குப் புது எண்ணெய் எடுங்கள். பக்கோடா எண்ணெயில் வெங்காயமும் உப்பும் இறங்கியிருக்கும், இன்னொரு முறை பொரிக்க ஆகாது. அதை வடிகட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் இருட்டான இடத்தில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் புளிக்குழம்பு தாளிக்கவோ பொரியலுக்கோ தீர்த்துவிடுங்கள். புது எண்ணெய் டின்னில் திருப்பி ஊற்றினால் டின் முழுவதும் கெடும். சாக்கடையில் கொட்டினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆகாத எண்ணெயைப் பழைய பாட்டிலில் அடைத்துக் குப்பையில் தனியாகக் கொடுங்கள்.